ஆட்டம் முடிந்தபின் ஓடும் பெயர்கள்

அரையாண்டுக் கணக்கு முடிப்பு, ஆடிட், இடமாற்றப் புரளி என்று ஆபீஸில் ஆணிகள் எக்கச்சக்கமாக இருந்த கடந்த எட்டு மாதத்தில், அடியேன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் நான்கு வீடியோ கேம்களை முழுசாக முடித்ததுதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, அன்சார்ட்டட் வரிசையில் வந்த தி லாஸ்ட் லெகஸி, ராஜி, வெண்பா. இந்த நாலைப் பற்றியும் என் மனசில் பட்டதை எழுதலாம் என்று உட்கார்ந்தால், அது பெங்களூரின் முப்பது வருஷக் கதையாக நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். வங்கியில் வேலை பார்க்கிறவன் 'நான் கேம் ஆடுவேன்' என்று சொன்னால் ஜனங்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சம்பளம் வந்த மூணாவது நாள் ரம்மியில் விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களின் கணக்கு விவரத்தை நிறையப் பார்த்தவன் நான். அந்தப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. நான் சொல்வது அது கிடையாது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி, ஒரு நாவலைப் படிப்பது போல ஆரம்பித்து முடிக்கிற ஆட்டங்கள்.

நாற்பது வயசைத் தாண்டியவனுக்கு எதுக்கு இந்த வேலை என்றால், காரணம் வீட்டில் இருக்கிறது. மகள் இங்கே முதல் வருஷம் பி.யூ.சி. (நம்ம ஊர் பிளஸ் ஒன்). 'கேம் ஆர்ட் படிக்கப் போறேன்' என்று ஒரே பிடிவாதம். தங்கமணி சொன்ன யோசனை இது: "லோன் கேட்டு வர்றவங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எல்லாம் பிச்சுப் பிச்சுப் பாக்கறீங்களே, இந்தத் தொழிலையும் கொஞ்சம் அப்படிப் பாருங்களேன்." நியாயமாகத்தான் பட்டது. அதனால் ஆடவும் செய்தேன், தோண்டவும் செய்தேன்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்தாலும் முதல் பக்கத்தில் சேர்மன் சிரிக்கும் போட்டோவைத் தாண்டிப் போய், கடைசியில் இருக்கும் குறிப்புகளைத்தான் முதலில் படிப்பான். கேமில் அந்தக் கடைசிப் பக்கம், கதை முடிந்ததும் மேலே ஏறிக்கொண்டே போகும் பெயர்ப்பட்டியல். பெரும்பாலானவர்கள் பட்டனை அழுத்தித் தள்ளிவிடுவார்கள். நான் தள்ளுவதில்லை. அதில்தான் யார் உழைத்தார்கள், யார் பெயர் மேலே இருக்கிறது, எந்த ஊர் எத்தனையாவது வரியில் வருகிறது என்பதெல்லாம் தெரியும்.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

நான் திருப்பூர்க்காரன். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் டி.வி.யோடு இணைக்கிற கேம் பொட்டி இருந்தது. சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் அந்தப் பொட்டிகள் இந்தியாவில் விற்ற காலம். ஜப்பானின் நின்டென்டோ 1983ல் கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியின் வம்சம். மஞ்சள் கலர் கேசட்டைச் செருகினால் 'பல லட்சம் ஆட்டங்கள்' என்று காட்டும். எண்ணிப் பார்த்தால் மரியோ, கான்ட்ரா, டாங்கி என்று ஒரு டஜன்தான் திரும்பத் திரும்ப வரும். அதை எல்லாம் யார் செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் கேசட்டுகளில் செய்தவர் பெயரையே பார்த்ததில்லை.

முதன்முதலாக ஒரு ஆளின் பெயரைக் கேமில் பார்த்தது கம்ப்யூட்டர் சென்டரில். டாஸ் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பிளாப்பியில் இருந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடுவோம். அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். ஆரம்பத்திலேயே ஜோர்டன் மெக்னர் என்று பெயர் வரும். 1989ல் வந்த அந்த ஆட்டத்தை ஏறத்தாழ ஒற்றை ஆளாகச் செய்தவர் அவர். தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்துதான் அந்த இளவரசனின் நடையை உண்டாக்கினார். இசை அவருடைய அப்பா. கிட்டத்தட்ட குடும்பத் தொழில்! அதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

சரி, திருப்பூருக்கு வருவோம். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு ஜாப் ஒர்க் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: ஆர்டர் எடுத்தவர் ஒருவர், நூல் ஒருவர், நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், பவர் டேபிள் ஒருவர். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு ரேட். கடைசியில் சட்டையின் கழுத்தில் தைக்கிற லேபிள் மட்டும் வெளிநாட்டுக்காரருடையது. அந்தச் சட்டை அங்கே என்ன விலைக்குப் போனாலும், தைத்தவருக்குப் பீஸ் ரேட்தான். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரே அதில்தான் எழுந்து நின்றது. என்னைப் படிக்க வைத்த காசும் அதுதான்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெங்களூரைப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

இந்தியாவில் கேம் செய்வதையே தொழிலாக எடுத்த முன்னோடிக் கம்பெனி துருவா இன்டராக்டிவ். ராஜேஷ் ராவ் 1997ல் பெங்களூரில் ஆரம்பித்தார். அப்போது இங்கே பொட்டி தட்டும் தொழில் என்றாலே 2000ஆம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்ற பயத்தைச் சரிசெய்யும் வேலைதான். அந்தச் சமயத்தில் கேம் செய்கிறேன் என்று கிளம்ப ஒரு துணிச்சல் வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த ஆரம்பகாலப் பெரிய ஆர்டர், பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் கம்பெனிக்காக மிஷன் இம்பாசிபிள் ஆட்டத்தின் கணினிப் பதிப்பு. அந்தக் கணினிப் பதிப்பு கடைசிவரை கடைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பிடித்த பாதைதான் திருப்பூர் பாதை. கார், மரம், கட்டடம், துப்பாக்கி, ஆட்களின் உடை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்டங்களுக்கு இப்படிப் பாகம் பாகமாகச் செய்துகொடுப்பது. மைக்ரோசாஃப்டின் ஃபோர்ஸா வரிசைக் கார்கள், ஸீ ஆஃப் தீவ்ஸ், டேஸ் கான் போன்ற பெரிய ஆட்டங்களில் துருவாவின் கை இருக்கிறது. அந்த ஆட்டத்தில் உங்கள் பையன் பறக்கவிடும் காரின் விளக்கையோ கதவையோ பெங்களூரில் ஒருவர் நாள் கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கலாம்.

தாமஸ் ஃப்ரீட்மன் 2005ல் எழுதிய 'உலகம் தட்டையானது' என்ற புத்தகம் நினைவிருக்கிறதா? நந்தன் நிலேகனி பேச்சிலிருந்து தலைப்பு பிறந்த அதே புத்தகம். அதில் ராஜேஷ் ராவும் வருகிறார். செல்போன் கேம்களுக்காக சார்லி சாப்ளின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் துருவா வாங்கியிருந்த செய்தியும் வருகிறது. அதாவது சொந்தச் சரக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு அப்போதே இருந்தது. கையில் கிடைத்த சரக்கு சாப்ளின் என்பதுதான் வேடிக்கை.

இந்த இடத்தில் என் முதல் ஆட்டம் வருகிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அமெரிக்காவின் ராக்ஸ்டார் கம்பெனி 2018 அக்டோபரில் வெளியிட்டது. முடிக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. 1899ல் நடக்கும் கதை. ஆர்தர் மார்கன் என்ற கொள்ளைக்காரன், குதிரை, பனி, சேறு, மான் வேட்டை. எனக்குப் பிடித்ததே வேறு விஷயம். ஆர்தரின் கும்பலில் ஸ்ட்ராஸ் என்று ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். ஏழைகளுக்குக் கடன் கொடுத்து, வசூலுக்கு ஆர்தரை அனுப்புவார். அப்படி ஒரு நோயாளி விவசாயியை அடித்துக் கடனைக் கேட்கும்போதுதான் ஆர்தருக்குக் காசநோய் ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து கதை வேறு திசையில் போகிறது. வசூல் டார்கெட்டோடு ஃபீல்டுக்குப் போகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு தடவை ஆட வேண்டிய கேம் :-)

இனி கடைசிப் பக்கம். இந்த ஆட்டத்தின் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெயர்கள். அதில் ராக்ஸ்டார் இந்தியா என்ற தலைப்பும் அதன் கீழ் நம்ம பெயர்களும் வருகின்றன. அந்த ஸ்டுடியோ 2016ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனையும் கேள்விப்பட்டேன். ஆட்டம் வெளியாகும் வரை வேலையில் நீடித்தவர்களின் பெயர்தான் ஆட்டத்துக்குள் வரும். நடுவில் விலகியவர்களுக்குக் கம்பெனியின் இணையதளத்தில் தனியாக ஒரு நன்றிப் பட்டியல். 2018ல் இது பெரிய விவாதமாக இருந்தது. திருப்பூரில் நோட்டு நிலுவையில் இருக்கும்போது டெய்லர் வேலையை விட்டு நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆச்சரியப்படவில்லை.

துருவாவின் கதைக்கு வருகிறேன். 2016 கடைசியில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் கம்பெனி அதன் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்குகளைச் சுமார் 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு ஸ்டார்பிரீஸே பண நெருக்கடியில் மாட்டியது. 2019 மே மாதம் துருவாவை ராக்ஸ்டாருக்கு 79 லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைய ரேட்டில் ஏறக்குறைய 55 கோடி ரூபாய். துருவாவின் ஆட்கள் ராக்ஸ்டார் இந்தியாவோடு சேர்ந்தார்கள். துருவா என்ற லேபிள் போனது.

பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். ரெட் டெட் 2 வெளியான முதல் மூன்று நாளில் உலகம் முழுக்க 72.5 கோடி டாலர் வசூல் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. மூன்று நாள் என்றால் 72 மணி நேரம். வகுத்துப் பார்த்தால், 22 வருஷம் நடந்த இந்தியாவின் முன்னோடிக் கம்பெனியின் விற்பனை விலை அந்த ஆட்டத்தின் முக்கால் மணி நேர வசூல். வசூல் வேறு, லாபம் வேறு என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனாலும் அந்த முக்கால் மணி நேரம் என் மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் இதே பெங்களூரிலேயே இருக்கிறது. மூன்ஃப்ராக் லேப்ஸ், 2013ல் ஆரம்பித்த கம்பெனி. தீன் பத்தி கோல்ட், லூடோ க்ளப் என்று செல்போன் ஆட்டங்கள். நம்ம மூணு சீட்டு, நம்ம தாயத்தின் சித்தப்பா பிள்ளை. கிராபிக்ஸ் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 2021ல் இன்னொரு ஸ்வீடன் கம்பெனி, ஸ்டில்ஃப்ரன்ட், இதற்குச் சுமார் 9 கோடி டாலர் கொடுத்தது. துருவாவைப் போலப் பதினொரு மடங்கு, அதுவும் எட்டே வருஷத்தில். வித்தியாசம் கைத்திறமையில் இல்லை. மூன்ஃப்ராக் விற்ற ஆட்டம் மூன்ஃப்ராக்குடையது. துருவா செய்த கார் இன்னொருவருடையது. துருவாவின் கணக்குப் புத்தகத்தில் சொத்து என்று எழுத, நாளைக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடக்கூடிய முந்நூறு பேரின் விரல்கள்தான் இருந்தன.

ஜாப் ஒர்க்கின் இன்னொரு ஆபத்தையும் மகளிடம் சொன்னேன். பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் நொடித்துப் போனது. பெங்களூரிலும் மும்பையிலும் சினிமாக் காட்சி வேலை பார்த்த 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சில நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கே வேலை மோசமாக நடந்ததால் இல்லை. தலைமைக் கடை சாத்தியதால் கிளைக் கடையும் சாத்தியது.

நம்மை நம்பி ஒரு முழு ஆட்டத்தையே கொடுத்த சம்பவமும் உண்டு. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா வரிசையில் 2003ல் வந்த தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் ஆட்டத்தைப் புதுசாகச் செய்யும் பொறுப்பை யூபிசாஃப்ட் தன் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் கொடுத்தது. 2020 செப்டம்பரில் அறிவிப்பு. முன்னோட்டத்தைப் பார்த்த ஆட்டக்காரர்கள் 'இது பழசை விடப் பழசாக இருக்கிறதே' என்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2022ல் அந்த வேலை கனடாவின் மான்ட்ரியால் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் சென்டரில் அந்த இளவரசனோடு வளர்ந்த எனக்கு அது நம்ம வீட்டுப் பையன் வேலை இழந்தது போல இருந்தது. வருஷக் கணக்கில் கையும் காலும் தனித்தனியாகச் செய்து பழகியவர்களிடம் திடீரென்று ஒரு முழு ஆளைச் செய்யச் சொன்னால் முதல் தடவையிலேயே வருமா என்பதுதான் என் கேள்வி. இரண்டாவது தடவை கிடைத்திருந்தால் வந்திருக்கும்.

அடுத்து தி லாஸ்ட் லெகஸி. இதை ஏன் எடுத்தேன் என்றால், கதை நடப்பது கர்நாடகத்தில்! கலிபோர்னியாவின் நாட்டி டாக் ஸ்டுடியோ 2017ல் வெளியிட்ட ஆட்டம். க்ளோயி என்ற பெண், அப்பா இந்தியர். அந்த அப்பா வாழ்நாள் முழுக்கத் தேடிய பிள்ளையாரின் தந்தத்தைத் தேடி அவள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறாள். ஹொய்சளர்களின் பேலூரும் ஹளேபீடும் பேச்சில் வந்துகொண்டே இருக்கும்.

ஆட்டம் பிரமாதம். ஜீப்பில் சேற்றில் சறுக்கிக்கொண்டு போவதும், மழைக்காட்டின் பச்சையும், சக்லேஷ்பூர் பக்கம் போனவர்களுக்கு 'அட' என்று இருக்கும். ஆனால் அருவிக்கு நடுவே மலை உயரச் சிலைகளும், கல்லைத் திருப்பினால் திறக்கும் கதவுகளும் ஆட்டத்துக்காக உண்டாக்கியவை. நிஜ ஹளேபீடு சமவெளியில், ஹாசன் மாவட்டத்தில் இருக்கிறது. ஹொய்சளர் பெருமை உயரத்தில் இல்லை, நுணுக்கத்தில். மாக்கல்லில் விரல்நுனி அளவு நகைகளைக்கூடச் செதுக்கியிருப்பார்கள். விஷ்ணுவர்தன் காலத்தில் 1117ல் எழுந்த பேலூர் சென்னகேசவர் கோயில், அதற்கடுத்து வந்த ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயில். 1311ல் மாலிக் காஃபூர் படையெடுப்பில் அந்தத் தலைநகர் சூறையாடப்பட்டது. சோமநாதபுரத்தையும் சேர்த்து இந்தக் கோயில்களை யுனெஸ்கோ 2023ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம்ம ஆட்களுக்கு ஒரு கொசுறுத் தகவல். தமிழில் போசளர் என்று சொல்வது இவர்களைத்தான். 13ஆம் நூற்றாண்டில் சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரில் இன்னொரு தலைநகர் வைத்து ஆண்டார்கள். அப்போது அவர்கள் நம்ம ஊருக்கு வந்தார்கள், இப்போது நாம் அவர்கள் ஊரில் வந்து வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆட்டத்தில் எனக்கு உறைத்தது என்னவென்றால், பெங்களூரிலிருந்து நாலு மணி நேரத்தில் போகிற ஊரின் கதையை உலகத்துக்குச் சொன்னது கலிபோர்னியா. பெங்களூரில் அத்தனை திறமைசாலிகள் உட்கார்ந்து அமெரிக்காவின் 1899ஐச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காக்காரர் ஒருவர் ஹளேபீட்டைச் செதுக்கினார். குறை சொல்லவில்லை. பணம் யாரிடம் இருக்கிறதோ அவர் எந்த ஊர்க் கதையையும் சொல்லலாம்.

அப்போ நம்ம கதையை நாமே சொல்ல யாருமே முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள். மூன்றாவது ஆட்டம், ராஜி. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், 2020. சர்க்கஸ்காரப் பெண் ராஜி, அசுரர்கள் தூக்கிப்போன தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். கதையைச் சொல்பவர்கள் துர்க்கையும் விஷ்ணுவும். நடுநடுவே கதை நிழல் பொம்மலாட்டமாக ஓடுகிறது. நம்ம தோல்பாவைக் கூத்து நினைவுக்கு வந்தது. சண்டை சில இடங்களில் முரட்டுத்தனம், முடிவு பொசுக்கென்று நின்றுவிடுகிறது, 'இவ்வளவுதானா' என்று ஆகிவிடும். ஆனாலும் சுவரோவியத்தின் முன்னால் நின்று புராணக் கதை கேட்கும் இடங்களுக்காகவே ஆடலாம்.

அதன் பின்கதை எனக்கு இன்னும் முக்கியம். 2017ல் பொதுமக்களிடம் இணையம் வழியாகப் பணம் திரட்டப் பார்த்தார்கள். இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் தன் ஃபிளாட்டை விற்று வேலையைத் தொடர்ந்தார். ஒரு வங்கி அதிகாரியாக இதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. ஏனென்றால் அவர் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் அந்த ஃபிளாட்டைத்தான் அடமானமாகக் கேட்டிருப்பேன். எங்கள் விதிப்படி மெஷினுக்குக் கடன் உண்டு, சரக்குக்கு உண்டு, கையில் இருக்கும் ஆர்டருக்கு உண்டு. கதைக்குக் கிடையாது. ஜாப் ஒர்க்காரரிடம் ஆர்டர் இருக்கும். சொந்தக் கதைக்காரரிடம் கதை மட்டும்தான் இருக்கும். பெங்களூர் ஏன் இருபது வருஷம் அந்தப் பாதையில் போனது என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். கர்நாடக அரசு நாட்டிலேயே முதலாவதாக 2012ல் அனிமேஷன், கேம் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2024லிருந்து 2029 வரைக்கும் புதிய கொள்கை ஒன்றும் இருக்கிறது. பயிற்சியும் இடவசதியும் அதனால் கிடைக்கும். முதல் கதைக்கு முதல் பணம் போடும் ஆளைக் கொள்கை எழுதி உண்டாக்க முடியாது.

கடைசியாக வெண்பா. கனடாவின் டொரான்டோவில், விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. குழுவை நடத்துபவர் அபி, நம்மைப் போல ஊர் விட்டுப் போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆட்டம் 1988ல் ஆரம்பிக்கிறது. வெண்பா என்ற பெண், கணவர் பாவலன், பிறக்கப்போகும் மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப்போன வரிகளை யோசித்து யோசித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைப்பதுதான் ஆட்டம். துப்பாக்கி இல்லை, ஜீப் இல்லை. பின்னணியில் வானொலியில் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு பாணியில் அவர்களே போட்ட பாட்டுகள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதை மட்டும் மகளோடு சேர்ந்து ஆடினேன். முதல் இட்லிக்கே மாட்டிக்கொண்டோம். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று தெரியவில்லை. அவள் திருப்பூருக்கு அமுச்சிக்குப் போன் போட்டாள். "மாத்தி மாத்தி வெக்கோணும் கண்ணு. குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்புடிப் போகும்?" என்று பதில் வந்தது. அப்படியே செய்தோம், ஆட்டம் ஒத்துக்கொண்டது. ஒரு கேமின் புதிருக்கு விடை அமுச்சியிடம் இருந்தது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

பிறகு கவின் வளர்கிறான். மதியச் சாப்பாட்டுக்குப் பீட்சா கேட்கிறான், ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், வருவதாகச் சொன்ன நாளில் வராமல் போகிறான். கடைசிப் பகுதியில் அதே சமையல் குறிப்பை அவனே தமிழில் படிக்க வேண்டி வருகிறது, தடுமாறுகிறான். அந்த இடத்தில் மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "இவன் நம்ம மாதிரி எழுத்துக் கூட்டித்தான்ப்பா படிக்கறான்" என்றாள். அவளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், ஹிந்தி. தமிழ் வீட்டில் பேச்சு, ஊருக்குப் போனால் பஸ் போர்டு. இது பெங்களூரில் ஆயிரக்கணக்கான நம்ம வீடுகளின் நிலவரம். நியூ ஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

2024 ஏப்ரலில் இந்த ஆட்டத்துக்குப் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது, சிறந்த அறிமுக ஆட்டம் என்று. நம்ம இட்லிக்குக் கிடைத்த விருது என்று நான் வங்கியில் மிட்டாய் கொடுக்காத குறை.

இதன் பெயர்ப்பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ரெட் டெட் 2 பட்டியலில் ஒரு பக்கத்துக்குக்கூட வராது. ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் இன்னொருவர் ஆட்டத்துக்குக் கார்க் கதவு செய்தவர்கள் இல்லை. ஜோர்டன் மெக்னர் தம்பியை ஓடவிட்டதும், அபி நம்ம வீட்டுச் சமையலறையை வரைந்ததும் ஒரே மாதிரிக் காரியம்தான். பக்கத்தில் இருப்பதை எடுத்துச் செய்தார்கள்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு என் குறிப்பு என்ன என்று தங்கமணி கேட்டாள். இதைத்தான் சொன்னேன். தொழில் நிஜம், சோறு போடும். நம்ம ஊர்க் கைகளுக்கு உலகம் முழுக்க மரியாதை இருக்கிறது. ஆனால் கடை எங்கேயோ இருக்கும், அது சாத்தினால் இங்கே விளக்கு அணையும். ஜாப் ஒர்க்கில் கை பழகட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பூரிலும் இருபது வருஷம் அடுத்தவன் லேபிள் தைத்த சிலர்தான் பிறகு சொந்த லேபிள் போட்டார்கள். அந்த நாள் வரும்போது சொல்வதற்கு ஒரு கதை கையில் இருக்க வேண்டும். அது கோர்ஸில் கிடைக்காது. அமுச்சியிடம் கிடைக்கும், ஹளேபீட்டில் கிடைக்கும்.

படிப்புக் கடன் விண்ணப்பத்தை இப்போதே கொண்டுவந்து நீட்டிவிட்டாள். பி.யூ.சி. முடியட்டும் என்று வைத்திருக்கிறேன். இதற்கிடையில் கேமுக்கு ஒரு கதை எழுதுகிறாளாம். என்ன கதை என்று கேட்டால், அமுச்சியிடம் பவர் டேபிள் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறாள்.

பி.கு.: வெண்பாவைக் குழந்தைகளோடு சேர்ந்து ஆடுங்கள், ஒரு ஞாயிறு மதியம் போதும். இட்லியில் மாட்டிக்கொண்டால் என்னைக் கேட்காதீர்கள், ஊருக்குப் போன் போடுங்கள். பெங்களூர் வருகிறவர்கள் ஹளேபீடு போவதானால் விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். நெலமங்களா தாண்டும் வரை டிராபிக் கொன்றுவிடும்.